முந்நூறாவது பெயர்

டக். ஸ்டாம்ப் பேடின் தகர மூடி திறக்கிற சத்தம். ஓரம் துருப்பிடித்திருந்ததால் நகத்தை விட்டு நெம்ப வேண்டும், நெம்பினால் ஒரு முறை டக், மூடும்போது சத்தமே வராது. சங்குமணல் கடற்கரையில் மீன் ஏலக்கூடத்துத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பகல் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜூலைக் கடைசி. பாலைவனத்தில் குண்டு வெடித்துப் பார்த்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது, ஊரில் இனிப்புக் கொடுத்தவர்கள் கொடுத்து முடித்திருந்தார்கள், நாங்கள் ஏழெட்டுப் பேர் குண்டு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல். டக். ரேகை. அடுத்த ஆள். இத்தனை வருடம் எங்கே கிடந்தது இந்தச் சத்தம், இன்றைக்குக் காலையிலிருந்து ஏன் காதுக்குள்ளேயே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை, காரணம் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. எங்கள் வக்கீல் தாணுலிங்கம் ஃபிளெக்ஸ் அடித்து மேடையின் சுவர் முழுக்கக் கட்டியிருக்கிறான். அதில் ஒரே ஒரு கட்டைவிரல் ரேகை, கட்டில் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு, கீழே 300 என்ற எண். எண் என் கையெழுத்து. மூன்றின் தலையைத் தட்டையாகப் போடுவது என் வழக்கம், கல்லூரிக் கரும்பலகையிலும் அப்படித்தான் போடுவேன். திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து ஒத்துழைக்காது, எழுபத்தெட்டு வயதில் அது ஒரு சௌகரியம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பது போல அந்த ரேகையைப் பார்க்கிறார்கள். ஆகஸ்ட் ஆறு, காலை பதினொன்று. சமாதானக் குழுவின் வெள்ளிவிழாவை ஒரு வருடம் தாமதமாகக் கொண்டாடுகிறோம், உள்ளூர்ப் போராளிகள் பன்னிரண்டு பேருக்குப் பாராட்டு, நான் ஐந்தாவது, வியாகுலம் பன்னிரண்டாவது. வியாகுலமும் அவள் மகனும். தாயும் மகனும் என்றுதான் அழைப்பிதழில் போட்டிருக்கிறது, பெயர் போடவில்லை, பெயரைக் கடைசியில் மைக்கில் சொல்லிக் கைதட்டு வாங்க வேண்டும் என்பது தாணுவின் ஆசை.

பக்கத்து நாற்காலியில் மைதீன் பிச்சை. அந்தக் காலத்தில் எங்கள் துணிப் பதாகைகளை எல்லாம் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த தையல்காரர், இப்போது ஒரு கண்ணில் புரை. முதல் ஆளுக்குப் போர்த்திய பொன்னாடையை உற்றுப் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிகிறார். "டீச்சரம்மா, இது போன வருசம் ஐயப்பன் சார் ரிட்டையர்மெண்ட்ல போட்டது. ஓரத்துல சாம்பார் கறை இருக்கு பாருங்க." "சும்மா இருங்க பாய்." "நான் தச்ச கொடி இருபத்தாறு வருசம் நிக்குது, இவனுவ ஜரிகை ஒரு துவைக்குத் தாங்காது." சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்றாவது வரிசையில் வியாகுலம் உட்கார்ந்திருக்கிறாள், நீலச் சேலை, மடியில் மஞ்சள் பை, நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. அவள் அப்படிப் பார்க்கவில்லை. என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. காலையில் முதல் பஸ்ஸில் வந்து கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்க அவள்தான் கை கொடுத்தாள், கொடுத்த கையை விடவில்லை. "டீச்சரே, எனக்கு என்ன வேணும்னாலும் போத்துங்க. அவன் பேரு மட்டும் வேண்டாம்." "ஏன் வியாகுலம்? எங்கே இருக்கான் கிளிட்டஸ்?" அவள் சுற்றிலும் பார்த்தாள். "ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். ஆந்திராவுல ஒரு எடத்துல இருக்கான். பட்டாளத்துக் கப்பல் நிக்கித எடம். முங்குத கப்பலாம், அடியில சிப்பி ஒட்டும்லா, அதச் சொரண்டிப் பெயின்ட் அடிக்கணும். கான்ட்ராக்ட்டு. கேட்டுல பாஸ் பாப்பாவ, ஆறு மாசத்துக்கு ஒருக்க ஆளு எப்படின்னு விசாரிச்சுப் புதுசு குடுப்பாவ. குண்டு வேண்டாம்னு கையெளுத்துப் போட்டவன்னு பேப்பர்ல வந்தா மறுநாள் வெளிய. நாப்பத்தி மூணு வயசுல இப்பதான் டீச்சரே அவனுக்கு ஒரு வேல நெலச்சிருக்கு. ரெண்டு பிள்ளைய. இது வக்கீலுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா குண்டு வைக்கிற கப்பலுக்குப் போயிட்டானான்னு கேப்பாவ." நான் சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு எளிதான காரியம், வாயைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். மேடைக்கு வருவதற்கு முன் டீக் குடிக்கும்போது தாணுவைத் தனியாகக் கூப்பிட்டேன். தொண்ணூற்றெட்டில் ஒல்லியாக, வக்கீல் கோட்டு தோளில் நிற்காத பையனாக இருந்தவன், இப்போது கோட்டுக்குள் ஆள் நிரம்பிவிட்டது. "தாணு, அந்த முந்நூறாவது பேரை விட்டுரலாமே. அந்தப் பையனுக்குக் கூச்சம்." "கூச்சமா? டீச்சர், பதினாலு வருஷம் ஒரு வாய்தா தவறாம வந்து நின்னவன். எத்தனை பேர் நான் போடலை, நான் வரலைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனான், இவன் ஒரு வார்த்தை பேசலை. அவனைச் சொல்லாம வேற யாரைச் சொல்ல?" "அதுக்கில்லை." "அவன் போடலைன்னா சொல்லுங்க, விட்டுடறேன்" என்று சொல்லிச் சிரித்தான். வடையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் காகிதத் தட்டில் வைத்தான். விளையாட்டுக்குச் சொன்னான். விளையாட்டுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஆமாம் போடவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும், ஆனால் அதே கேள்வியை அவன் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் விளையாட்டாக இல்லாமல் கேட்டிருக்கிறான், அதற்கு நான் ஒரு பதில் கொடுத்திருக்கிறேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. எண்ணைச் சொல்லும்போதே பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி, காற்றில் நோட்டின் தாள் படபடக்கிறது, நான் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. கட்டம் போட்ட நீள நோட்டு. வரிசை எண், பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண், தெரு, ஊர், கையெழுத்து. அந்தப் பத்திகளை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவள் நான். வெறும் கையெழுத்து வாங்கினால் போதும் என்றார்கள் மற்றவர்கள், முகவரி இல்லாத கையெழுத்து காற்றில் பேசுகிற பேச்சு, நாளைக்கு இவர்கள் யாரென்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, ஆவணம் என்றால் ஆவணமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் நானே எழுதினேன், யார் கையெழுத்தும் புரியாமல் போய்விடக் கூடாது என்று. அதில் கடைசி எண் வியாகுலம், தலையில் காலி அலுமினியச் சட்டி, அதை இறக்காமலே ஒரு கையை நீட்டி ரேகை வைத்திருந்தாள். "ஒண்ணு குறையுதே வியாகுலம், வேற யாராவது இருக்காங்களா?" "என் மவன் இருக்கான், கடல்ல கெடக்கான். விடிஞ்சுதான் வருவான்." "விடிஞ்சா நான் இருக்க மாட்டேனே." "அவனுக்கும் சேத்து நான் போடுதேன். அவன் வேற நான் வேறயா, எளுதுங்க." எழுதினேன். வயது என்ன என்றேன். "பதினேழு முடியப் போவுது." பதினெட்டு என்று எழுதினேன், பதினேழு என்றால் பட்டியலில் சேராது. அவள் மறுபடி கட்டைவிரலை நீட்டினாள், டக் என்று மூடியைத் திறந்தேன், முந்நூறு. முழு எண். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை பரிசுப் புத்தகத்தைக் கொண்டுவருகிற மாதிரி. ஆகஸ்ட் ஆறாம் தேதி ஊர்வலமாகப் போய்க் கலெக்டரிடம் நோட்டைக் கொடுத்தோம், திரும்பும்போது எங்கிருந்தோ ஒரு கல், ஒரு ஜீப்பின் கண்ணாடி, தடியடி, ஓட்டம். மறுநாளிலிருந்து வீடு வீடாக வந்தார்கள். யார் யார் வந்தது என்று அவர்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நோட்டு அவர்களிடம் இருந்தது. கதவு எண்ணோடு, தகப்பன் பெயரோடு, கோடு போட்டு, புரியும்படியான கையெழுத்தில். குற்றப்பத்திரிகையின் வரிசை எண்கள்கூட என் வரிசை எண்கள்தான். சட்ட விரோதக் கூட்டம், அரசுக்கு எதிராகத் தூண்டுதல். கிளிட்டஸ், சிலுவைதாசன் மகன், முந்நூறாவது எதிரி.

மூன்றாவது ஆளைக் கூப்பிடுகிறார்கள். மைக் ஒரு முறை கூவி அடங்குகிறது. முழங்காலில் வலி, சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையா, போட்டேன், வெந்நீரில் போட்டேன், டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், எறும்பு வராது, சர்க்கரை மாத்திரைக்கு எறும்பு வருமா. இது பயம். பயம் வந்தால் எனக்கு இப்படித்தான், சின்னச் சின்ன சாமான்களாக வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. தாணுவின் அப்போதைய அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், படியெல்லாம் ரொட்டி வேகிற வாசனை, நான் கல்லூரியில் சஸ்பெண்ட் ஆகி மூன்று மாதம் கழித்து அப்போதுதான் திரும்பச் சேர்ந்திருந்தேன். "டீச்சர், அந்தப் பையன் அன்னைக்கு நான் கடல்ல இருந்தேங்கான் ஸ்டேஷன்ல. இந்த ரேகை அவனோடதுதானா? இல்லைன்னா ஒத்துப் பார்க்கச் சொல்லி மனு போடறேன், ஒரே நாள்ல வெளியே வந்துருவான். ஆனா ஒண்ணு, வேற ஆள் ரேகைன்னு வந்தா எழுதினவங்க மேல மோசடி வழக்கு வரும்." நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே பேக்கரிக்காரன் தட்டிலிருந்து பன்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தான், ஒரு வரிசைக்கு ஆறு. மோசடி என்று வந்தால் வேலை போகும், மறுபடி கிடைக்காது, அம்மா படுத்த படுக்கையாக வீட்டில். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. "அவன்தான் வச்சான், தாணு. என் கண் முன்னாடி." எவ்வளவு சீராக வந்தது. முழு வாக்கியமாக. வியாகுலம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், கேட்டிருப்பாள், கதவு திறந்துதான் இருந்தது. இறங்கி வந்தபோது அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம், நான்தான் ஆசையில் போட்டேன், வெளியே சொன்னால் என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள், இது அவளே பின்னாளில் என்னிடம் சொன்னது. அவன் வாயை மூடிக்கொண்டான். அம்மாவுக்காக அவன், எனக்காக அவள். எனக்காக என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, டீச்சர்தான் கேட்டாள் ஒன்று குறைகிறதென்று, அந்த ஒரு வரியை மட்டும் மகனிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள். அவனுக்கு இருபத்திமூன்று வயதில் பஹ்ரைனிலிருந்து மாமன் விசாவுக்கு ஏற்பாடு செய்தான். பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "இதுல என்ன எளுதியிருக்கு டீச்சரே?" படித்தேன். கேஸ் இருக்கிறது, கொடுக்க முடியாது. "கேஸ் எப்ப முடியும்?" "சீக்கிரம்." அது முடிய இன்னும் எட்டு வருடம் இருந்தது. போகும்போது ஒரு பையில் அயிலை மீன் வைத்துவிட்டுப் போனாள், பத்துப் பன்னிரண்டு இருக்கும், கண் தெளிவாக, செவுள் சிவப்பாக. அம்மாவுக்குக் குழம்பு வைத்தேன், மீதியைப் பொரித்தேன். நன்றாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியாத ஞாபகம்.

நான்காவது ஆள். அடுத்தது நான். போர்த்திய பிறகு எல்லோர் சார்பிலும் இரண்டு நிமிடம் ஏற்புரை சொல்ல வேண்டும். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் இன்னும் ஆறு பேர், அப்புறம் தாணு அந்தப் பெயரைச் சொல்வான், முதல் வரிசையில் இருக்கிற நிருபர் எழுதிக்கொள்வான், நாளைக்கு ஒரு பத்தி, எங்கோ ஒரு துறைமுகத்தின் வாசலில் யாரோ ஒருவர் அதைப் படிப்பார், அல்லது படிக்க மாட்டார். தமிழ்ப் பேப்பரை ஆந்திராவில் யார் படிக்கப் போகிறார்கள். இப்படித்தான் ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும், இந்தக் குரலை நான் பேக்கரி மாடியில் கேட்டிருக்கிறேன். படிப்பார்கள். பெயரைப் போட்டுத் தேடினால் ஃபோனிலேயே வருகிறதாம். அதனால் சொல்லிவிட வேண்டும். முந்நூறாவது ரேகை அந்தப் பையனுடையது அல்ல, நான் எண்ணிக்கைக்காக எழுதிச் சேர்த்தது, கேட்டபோது வக்கீலிடமும் பொய் சொன்னேன். அவ்வளவு போதும். பெயர் சொல்லக் கூடாது. ஒரு வாலிபன் என்று மட்டும். ஊர் சொல்லக் கூடாது. ஒரு வாலிபன், ஒரு தாய். தாய் என்றும் வேண்டாம், ஒருவர் சார்பாக இன்னொருவர். ஒருவர் சார்பாக இன்னொருவர் வைத்த ரேகை, என் தூண்டுதலில். நல்ல வாக்கியம், மனப்பாடமாகிவிட்டது, இதையே சொன்னால் போதும். கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் இந்த நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், காலை எட்டேகால் மணிக்கு ஒரு ஊர் எரிந்ததை இரண்டு மதிப்பெண் வினாவாக, மாணவிகள் தேதியையும் விமானத்தின் பெயரையும் சரியாக எழுதுவார்கள், செத்தவர்களின் எண்ணிக்கையில் ஒரு சைபர் குறைத்து எழுதினால் அரை மதிப்பெண் வெட்டுவேன். ஒரு சைபர். அந்த நீர்மூழ்கிக் கப்பலின் அடிவயிற்றில், இருட்டில், ஈரத்தில், கிளிட்டஸ் கரண்டி போன்ற ஒன்றை வைத்துச் சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருப்பான் இந்நேரம். மேலே அவன் தலைக்கு நேராக என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன, சுரண்டத்தான் வேண்டும். எதை எதிர்த்து அவன் பெயரை எழுதினேனோ அதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறான், அதில் அவன் வயிறு நிறைகிறது, அதையும் இன்று நாங்கள் மரியாதை செய்து பிடுங்கப் போகிறோம். மைதீன் பாய் முழங்கையால் இடிக்கிறார். "டீச்சரம்மா, ஒங்களத்தான்."

எழுந்தேன். பொன்னாடை கழுத்தில் அட்டை போல விறைப்பாக உட்கார்ந்தது, கற்பூர உருண்டை வாசனை. மைக் என் வாய்க்கு மேலே இருந்தது, தாணு வந்து இறக்கிக் கொடுத்தான். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் வியாகுலமும் தட்டினாள், மஞ்சள் பை மடியிலிருந்து சரிந்தது, பிடித்துக்கொண்டாள். வணக்கம் என்றேன். "எனக்குப் பின்னால் இருக்கிற ரேகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்." குரல் நன்றாக இருந்தது, வகுப்புக் குரல், அது வந்ததும் தைரியமும் வந்தது. "அந்த ரேகை அவர் வைத்தது அல்ல. எண்ணிக்கை நிறைய வேண்டும் என்று நான் எழுதிச் சேர்த்த பெயர் அது. வழக்கின்போது வக்கீலிடமும் நான் பொய்தான் சொன்னேன்." தாணுவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. ஒருவர் இருமினார். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். சபை நிசப்தமாக இருந்தது, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சொன்னது போதாது, மழுப்புகிறேன் என்று நினைப்பார்கள், ஒப்புக்கொள்வதென்றால் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும், யாருக்கு என்ன செய்தேன் என்று சொல்லாமல் என்ன ஒப்புதல். "கிளிட்டஸ், தகப்பனார் பெயர் சிலுவைதாசன், கதவு எண் பன்னிரண்டு, குருசடித் தெரு, சங்குமணல்" என்று என் வாய் சொன்னது. வரிசை மாறாமல் சொன்னது. "அவர் அன்றைக்குக் கரையிலேயே இல்லை. அவருக்கும் இந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை. வயதைக்கூட நான்தான் மாற்றி எழுதினேன்." சொல்லி முடிக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது, நிஜமாகவே லேசாக இருந்தது, அழுகை வந்தது, நல்ல அழுகை என்று நினைத்தேன். அப்போதுதான் முதல் வரிசையில் அந்த நிருபர் எழுந்து நின்றிருப்பதைப் பார்த்தேன். சின்ன வயது, சட்டைப்பையில் மூன்று பேனா. காலையிலிருந்து கால் மேல் கால் போட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் நோட்டை விரித்து வைத்திருந்தான். "மேடம், அப்பா பேரு இன்னொரு தடவை?" "சிலுவைதாசன்" என்றேன். கேட்டால் சொல்கிற பழக்கம். "இப்ப அவர் எங்கே இருக்கார் மேடம், என்ன வேலை?" அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "பரவாயில்லை, ஊர்ல கேட்டுக்கறேன்" என்றான் மரியாதையாக. வியாகுலம் எழுந்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்களிடம் வழி கேட்கிற மாதிரித்தான் பேசினாள், ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் மேடை வரைக்கும் கேட்டது. "பேரச் சொல்லாதீங்கன்னுதான டீச்சரே கேட்டேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனாள். தாணு என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். என் முகத்தைப் பார்க்காமல் ஆறாவது ஆளின் பெயரைக் கூப்பிட்டான், மைதீன் பிச்சை அவர்களே, மேடைக்கு நடுவே வரவும். பாய் எழுந்திருக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான்காம் பக்கத்தில் படத்தோடு வந்தது. பெயர், ஊர், எந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார் என்பது வரைக்கும் விசாரித்துப் போட்டிருந்தார்கள். கிளிட்டஸின் அனுமதிச் சீட்டு செப்டம்பர் முப்பதாம் தேதியோடு முடிந்தது, புதுப்பித்துக் கொடுக்கவில்லை. அவர் இப்போது மல்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் சுமக்கிறார்.